பாலாற்று மணலில் பச்சை வெளிச்சம்

இந்தப் பள்ளிக்கூடத்து நாற்காலிகளில் ஒன்றுகூட நேராக நிற்காது சார். நானும் சின்ன வயதில் இங்கேதான் படித்தேன், அப்போதே ஆடிக்கொண்டுதான் இருந்தன. கொஞ்சம் பொறுங்கள், ஒரு காகிதத்தை மடித்துக் கீழே கொடுத்துவிடுகிறேன். இப்போதும் ஆடுகிறதா? அப்படியானால் நாற்காலி மேல் பழி இல்லை, என் கால்தான் ஆடுகிறது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் வீட்டுக்குத் திரும்பப் பிடிக்கவில்லை. தறியில் உட்கார்ந்தே காலம் தள்ளியவனுக்கு இது பெரிய தொல்லை.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து வகுப்பறையில் உட்கார வைத்திருக்கிறீர்களே மரியம்மாள், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் இருமுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. அவளுடைய ஆடுகளுக்கு யார் தழை ஒடித்துப் போடுகிறார்களோ தெரியவில்லை. பாலாற்று மணலில் அவள் பார்த்ததாகச் சொன்ன வெளிச்சம் உண்மை. பச்சையாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் எதிரி விமானத்துக்கு அவள் விளக்கும் காட்டவில்லை, ஒயர்லெஸ் பெட்டியும் ஒளித்து வைக்கவில்லை. அந்த வெளிச்சம் என்னுடையது. அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் ஜீப் வந்துதான் என்னை ஏற்றிக்கொண்டது என்பதை மறுக்கவில்லை, ஆனால் ஜீப் வருவதற்கு முன்பே நான் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியூர்க்காரர், விமானப்படைக்காரர், என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தணிகாசலம். சொந்தத்தில் தறி வைத்துப் பட்டுச் சேலை நெய்கிறேன். பாகிஸ்தானோடு யுத்தம் என்று ரேடியோவில் சொன்ன மறுநாளே, இருட்டடிப்புக்கு ஒரு வார்டன் வேண்டும் என்று தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது, எங்கள் தெருவே என்னைக் கைகாட்டியது. கையில் துணிப்பட்டை, கழுத்தில் விசில், கண்ணாடியில் நீலக் காகிதம் ஒட்டிய டார்ச்சு. பொழுது சாய்ந்தால் நான் வீடு தங்கியதில்லை. எங்கள் தெருவில் விடியலுக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டுதான், தறிக்குப் போகிற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவார்கள். அதை நிறுத்தினேன். வெயில் ஏறிய பிறகு பாவு நீட்டினால் இழை அறுந்து போகும் என்று சண்டைக்கு வந்தார்கள். அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம், குண்டு விழுந்தால் எதை முடிச்சுப் போடுவீர்கள் என்று கேட்டேன். அம்மன் சன்னதியில் கற்பூரம் காட்டும்போதுகூடக் கதவைச் சாத்தச் சொன்னேன். "ஏன்யா, அம்பாள் மூஞ்சியப் பாக்கறதுக்கும் ஒன்னண்ட பாஸ் வாங்கணுமா?" என்று குருக்கள் கேலி பண்ணினார். பண்ணட்டும். எங்கள் தெருவில் ஒரு பீடி நெருப்புகூட வானத்துக்குத் தெரிந்ததில்லை.

யுத்த நிதிக்கு வசூல் பண்ணியதும் நான்தான். தேரடியில் மைக்கு வைத்துப் பேசினேன். எல்லையில் நிற்கிற ஜவான்கள் எல்லோரும் நம்முடைய பிள்ளைகள், நம் வீட்டுப் பிள்ளைகள் என்று பேசினேன். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்கள் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

மரியம்மாளுடைய மகனும் ஜவான்தான், ராயப்பன் என்று பெயர். அவளுக்குப் புருஷன் கிடையாது, அந்த ஒரே பிள்ளைதான். அவள் ஐயம்பேட்டையைத் தாண்டி ஆற்றங்கரையோரம் ஆட்டுக்கிடை போடுகிறவள். அறுப்பு முடிந்த கழனியில் எருவுக்காக ராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்து வைப்பார்கள், ஆட்டுக்காரர்களும் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அப்படிப் படுத்திருந்தபோதுதான் அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பார்த்தவள் பேசாமல் திரும்பிப் படுத்திருக்கலாம். விடிந்ததும் மணியக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் போலீசுக்குச் சொல்ல, போலீஸ் எங்கேயோ எழுதிப் போட, இரண்டு ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்துவிட்டன. நீங்கள் வந்து இறங்கிய அன்றைக்கு அவள் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"பச்சைன்னா தழைப் பச்சை இல்லீங்க. கிளி றெக்கைல ஒரு பச்சை இருக்குது பாருங்க, அது. நாணலுக்கு மேல எழும்பிச்சி. அப்டியே அடங்கிச்சி. மறுக்கா எழும்பிச்சி. யாரோ சைகை காட்டற மாதிரி இருந்திச்சிங்க."

சைகை என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்கள் முகம் மாறியது. என் பகுதியில் ஒரு வெளிச்சம் என்றால் வார்டனைத்தானே கேட்பீர்கள், கேட்டீர்கள். எரி நட்சத்திரமாக இருக்கும் என்றேன். நாணல் காட்டில் கொள்ளிவாய்ப் பிசாசு உண்டு என்று ஊரில் சொல்வார்கள் என்றேன். நீங்கள் எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவள் குடிப்பாள் சார் என்று உங்கள் காதோடு சொன்னேன். கள்ளுக்கடை திறந்த புதிது, யாரைப் பற்றி அப்படிச் சொன்னாலும் நம்புகிற காலம். மரியம்மாள் கள்ளைக் கையால்கூடத் தொடமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அது பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம், அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் எரி நட்சத்திரம் என்று எழுதிவிட்டு நீங்களும் கிளம்பியிருப்பீர்கள். உங்கள் ஆட்கள் மணலைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். சாம்பல் கலந்த மணலில் மயிரிழை மாதிரிக் கம்பிகள், கருகிச் சுருண்டு, சில இடங்களில் உருகி மணியாகிக் கிடந்தன. ஒரு தகர மூடியில் போட்டு, இதோ இந்த மேஜை மேலேதான் வைத்தீர்கள். இது என்ன, உமக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டீர்கள்.

"தெரியவில்லை சார். ஒயர்லெஸ் பெட்டியில் இருக்கிற கம்பி மாதிரி இருக்கிறது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த மூடியைப் பார்த்ததும் வாய் தானாகப் பேசிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்து நீங்கள் மரியம்மாளைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். கம்பி கிடைத்தது அவள் கிடைக்குப் பக்கத்தில், பிள்ளை பட்டாளத்தில், வெளிச்சத்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்ததும் அவள். யாராவது கேட்பதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டு கதை கட்டினாளோ என்று உங்களுக்குச் சந்தேகம். ராயப்பனுடைய ரெஜிமெண்டுக்கும் தந்தி அடிக்கப்போவதாக ஏட்டு முருகேசன் சொன்னார். தாய் துரோகி என்று ஆனால் பிள்ளையை எல்லையிலிருந்து இறக்கிக் காவலில் வைப்பார்களாம்.

என்னால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு இட்லி வாங்கிக்கொண்டு இங்கே வந்தேன். உங்கள் சிப்பாய் உள்ளே விட்டான், கையில் வார்டன் பட்டை இருந்ததால்.

"கண்ணு ஏமாத்திடுச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடு மரியம்மா. சாயங்காலமே வூட்டுக்குப் பூடலாம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். "எப்டி மொதலாளி சொல்றது? எம் புள்ள அங்க பனியில கண்ணு கொட்டாம நின்னுக்கினு கீறான். நான் இங்க பாத்தத பாக்கலன்னு சொல்லிட்டு அவன் மூஞ்சில எப்டி முயிப்பேன்?"

"சொல்லலைன்னா அவனுக்கும் சேத்துத்தான் கெட்ட பேரு."

"பொய்ய சொன்னாத்தான் மொதலாளி கெட்ட பேரு. நெசத்த சொன்னதுக்கு எந்த ஊர்ல தண்டன தராங்க?"

இவளோடு என்ன பேசுவது? எழுந்து கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தவனைக் கூப்பிட்டாள். "பாப்பா நல்லா இருக்குதா மொதலாளி?" என்றாள். என் மகளை அவளுக்குத் தெரியும். ஆரணியில் அத்தை வீட்டில் இருக்கிறாள், சண்டை முடிகிற வரைக்கும் அங்கேதான் என்றேன். "நல்லதாப் போச்சி. அங்க குண்டு கிண்டு வராது" என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, "கோச்சிக்காதீங்க. எம் புள்ள ஒரு ஆசய வச்சிக்கினு கீறான். அதெல்லாம் நமக்கு ஒத்துவராதுடான்னு நான் சொல்லிட்டேன். நீங்க மனசுல எதும் வச்சிக்காதீங்க" என்றாள். நான் படியிறங்கினேன். வெயில் அதிகமாக இருந்தது.

என் கெட்ட நேரம், மறுநாள் ஏட்டு முருகேசன் உங்கள் தகர மூடியை எட்டிப் பார்த்திருக்கிறார். "இன்னா சார், கருகிப்போன ஜரிகைய வச்சிக்கினு இம்மாம் ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறீங்க?" என்று சிரித்தாராம். காஞ்சிபுரத்தில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவனுக்குக்கூட ஜரிகை தெரியும் சார். தவழுகிற குழந்தை வாயில் எடுத்துப் போட்டுக்கொள்ளும், தாய் விரலை விட்டு எடுப்பாள். இந்த ஊரிலேயே ஜரிகையைப் பார்த்துத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் நான், அதுவும் ஒரு நெசவாளி. அவளை விடாமல் என்னையும் சேர்த்து நீங்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் பட்டிருப்பேன்.

ஆனால் எதற்காகச் சந்தேகப்பட்டீர்களோ, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, தான் மட்டும் ஆற்றில் போய்ப் பச்சை விளக்கு காட்டிய வார்டன் என்று பேச்சு பரவிவிட்டது. டாக்காவில் நம் ஆட்கள் ஜெயித்த அன்றைக்கு எங்கள் தெருவில் வீடு வீடாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். என் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டார்கள். என் மனைவி கிருஷ்ணவேணி தட்டோடு நின்றிருந்தாள். விடிந்து பார்த்தால் சுவரில் கரிக்கட்டியால் துரோகி என்று எழுதியிருக்கிறது. அவள் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறாள், அது போகவில்லை, பரவுகிறது. எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. தாங்கவே முடியவில்லை சார். பாவு நீட்டத் தெருவே கை கொடுக்க வேண்டும், ஒரு வீட்டுப் பாவை ஒரு வீட்டார் தனியாக நீட்ட முடியாது. நேற்று காலையில் என் பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒருவர்கூட இறங்கி வரவில்லை. பாவைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

இதே மாதிரி ஒரு நாள் வந்துவிடக்கூடாது என்றுதானே நான் எல்லாவற்றையும் செய்தேன்.

சொல்கிறேன். என் மகள் பெயர் ஏலவார்குழலி. நாங்கள் குழலி என்று கூப்பிடுவோம். ராயப்பன் பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கிணற்றைத் தூர் வார வந்தான். அப்போது பழக்கம். பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுத்தமானவன், மரியாதை தெரிந்தவன், நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டான். லீவில் யூனிபாரத்தோடு வந்தபோது நானே முதுகில் தட்டிக் கொடுத்தேன். மேடை வேறு, வீடு வேறு இல்லையா? நாட்டைக் காப்பாற்ற அவன் இருக்கட்டும். அவர்கள் காலனியில் என் மகள் போய் அடுப்பு மூட்டுவது என்பது வேறு விஷயம். என் தம்பிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை யார் வந்து கேட்பார்கள்?

குழலி திருட்டுத்தனம் தெரியாதவள். அதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. கிருஷ்ணவேணி தன் தம்பி மனைவியின் பிரசவத்துக்காக வாலாஜாபாத் போயிருந்த சமயம், எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

"நான் ஓடிப் போவ மாட்டேன் நைனா. அந்த மாதிரி உன்னத் தலகுனிய வெக்க மாட்டேன். நீயே கூட்டிக்கினு போயி அவங்க வூட்ல உடு. நீ உடலன்னா இப்டியே இருந்துடறேன். வேற ஒருத்தனுக்குக் கயுத்த நீட்ட மாட்டேன்."

நான் கோபப்படவில்லை. அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்தவன் இல்லை நான், அன்றைக்கும் அடிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினேன். இரண்டு மூன்று நாள் யோசித்தேன். இப்படியே இருந்துவிடுவாள் என்றால், ஏன் இருக்கிறாள் என்று தெரு கேட்கும். அனுப்பி வைத்தால் தெரு என்னைக் கேட்கும். எப்படிப் பார்த்தாலும் வழி ஒன்றுதான் இருந்தது. செங்கல் சூளைக்கு என்று சொல்லி ஒரு வண்டி சவுக்கு விறகு வாங்கி, நாணலுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறக்கி வைத்தேன். பிறகு அவளிடம் சரி என்றேன்.

அவளால் நம்பவே முடியவில்லை. காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணம் சண்டை முடிந்து அவன் வந்த பிறகு, இப்போதைக்குப் பூ மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். மாப்பிள்ளையுடைய தாய் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்பது எங்களில் வழக்கம். அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், அதனால் நாமே இருட்டினதும் போய் மரியம்மா கையால் பூ வைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். இருட்டடிப்பு என்பதால் தெருவில் ஒருவரும் இல்லை. என்னிடம் பாஸ் இருந்தது.

அவளுடைய கல்யாணத்துக்கென்று நானே நெய்து வைத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கையகலக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை. மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட நாளிலிருந்தே அப்படித்தான், ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். "முந்தானைய இய்த்து சொருகிக்கமா, சக்கரத்துல மாட்டிக்கும்" என்றேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அவர்கள் வீட்டில் ஆட்டுப்பால் காபிதானாம், அது நாறுமா நைனா என்று கேட்டாள். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நாணலுக்கு அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது. "அது அவங்க ஆடுங்கதானே நைனா?" என்றாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. அவள் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தோளில் கிடந்த துண்டு போதுமானதாக இருந்தது. என் முகத்தை அவள் பார்க்க நேரவில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதிதான்.

புதைத்திருந்தால் வெளிச்சமே வந்திருக்காதே என்றுதானே பார்க்கிறீர்கள்? நியாயமான கேள்வி. எங்களில் கல்யாணம் ஆகாமல் போனவர்களைப் புதைப்பதுதான் முறை, வாழ்ந்தவர்களைத்தான் எரிப்போம். குழி தோண்டியிருந்தால் இன்றைக்கு நானும் இங்கே இல்லை, மரியம்மாளும் இல்லை. ஆனால் பட்டுக் கட்டி, தலைவாரி, தலையில் வைக்கப்போகிற பூவுக்கு இடம் விட்டுக் கொண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவளை, ஒன்றும் இல்லாதவளைப் போல மண்ணில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மனதளவில் அவள் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள். அதை நான் மதித்தேன். சேலையைக்கூட அவிழ்க்கவில்லை. அவளுக்கென்று நெய்தது, வேறு யார் கட்டப்போகிறார்கள்?

விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. முதலில் சாதாரண நெருப்புதான், பள்ளத்தில் இருந்ததால் வெளியில் அவ்வளவாகத் தெரியவில்லை. சேலையில் பிடித்ததும்தான் பச்சையாக எழும்பியது. ஆளுயரத்துக்கு மேல் போனது. உங்களுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்காது. பழைய சேலையை எரித்து வெள்ளி எடுக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஜரிகையில் செம்பு இருந்தால் நெருப்பு பச்சையாக வரும். நான் சுத்த வெள்ளி என்று நம்பி வாங்கி நெய்தது சார் அது. என் சொந்த மகளின் கல்யாணச் சேலையில், என்னை, இந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவனை, ஜரிகைக்காரன் ஏமாற்றியிருக்கிறான். அவ்வளவு நேரம் கல்லாக நின்றவன் அப்போதுதான் அழுதேன். மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பெற்றவனிடமே இப்படி ஒரு மோசடியைச் செய்ய அவனுக்கு எப்படி மனசு வந்தது?

பிறகுதான் வானத்தைப் பார்த்தேன். இருட்டடிப்பு நேரம், இவ்வளவு பெரிய வெளிச்சம். வார்டன் என்ற முறையில் எனக்குப் பதறிவிட்டது. இரண்டு கையாலும் மணலை வாரி வாரி இறைத்தேன். அடங்கியது, மறுபடியும் எழும்பியது, மறுபடியும் இறைத்தேன். மரியம்மாள் சைகை என்று நினைத்தது அதைத்தான். நான் நெருப்பை அணைக்கப் பார்த்தேன் சார், யாருக்கும் காட்டவில்லை. கையைப் பாருங்கள், கொப்புளம் இன்னும் ஆறவில்லை. விடியலில் பால் தெளித்து, எலும்பைப் பொறுக்கி ஓடுகிற தண்ணீரில் கரைத்தேன். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதில் ஒன்றும் விடவில்லை. கம்பிகளைத்தான் அந்த அரை வெளிச்சத்தில் சரியாகப் பொறுக்க முடியவில்லை.

கிருஷ்ணவேணி திரும்பி வந்ததும், குழலியை ஆரணிக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். மகளுக்கென்று ஊறுகாய் போட்டு வைத்துவிட்டு, யார் ஆரணிப் பக்கம் போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். சண்டைதான் முடிந்துவிட்டதே, பொங்கலுக்குக் கூட்டி வாருங்கள் என்று தினமும் கேட்கிறாள். அதனால்தான் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். மரியம்மாளிடமும் ராயப்பனிடமும் என்ன சொல்வது என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். அவள் பிடிவாதக்காரி, கேட்காமல் விடமாட்டாள். எரி நட்சத்திரம் என்று சொன்னால் அவளுக்கும் நல்லது.

ஏன் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? தண்ணீர் வேண்டுமா? முக்கியமானது இனிமேல்தான் இருக்கிறது. என் மகள் ஏலவார்குழலியை நான்தான் கொன்றேன், நான்தான் எரித்தேன். அது போலீஸ் காரியம், ஏட்டைக் கூப்பிடுங்கள், அவரிடமும் ஒரு எழுத்து மாறாமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் காகிதத்தில் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், எங்கள் தெருவில் நாலு பேர் நடுவில் யாராவது அதைப் படித்துக் காட்ட வேண்டும். யுத்தம் நடந்த அத்தனை நாளும் வார்டன் தணிகாசலம் துரோகமாக ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை என்று எழுதுங்கள்.